ஆண்களுக்கு ஒரு கோழி, பெண்களுக்கு இலவசம்

வானொலியில் நாடகப் பிரதி வாசித்துத் தேர்வு செய்யும் வேலையிலிருந்து ஐம்பத்தைந்து வயதில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிழவன் என்று முடிவு கட்டியாகிவிட்டது போலிருக்கிறது. அப்படிச் சொல்ல அரசாங்கத்துக்கு உரிமை உண்டு, என் மனைவிக்குக் கிடையாது என்று சிரம்பான் பக்கத்துப் பாரோயில் என் வீட்டில் தினமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

பிரிவுபசார விருந்தில் நான் கேசரியோடு மும்முரமாக இருந்தபோது, என் நாற்காலிக்கு வரப்போகிற பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், மூட்டை மூட்டையா நாடகம் வருது. எது தேறும், எது தேறாதுன்னு நீங்க மட்டும் எப்படி சட்டுன்னு சொல்றீங்க? இப்போ மேலே இருந்து மார்க் போடுற முறை ஒண்ணு வந்திருக்கு. நடைக்கு இவ்வளவு, கருத்துக்கு இவ்வளவு, சமுதாயப் பயனுக்கு இவ்வளவுன்னு."

கேசரிக் கரண்டியைத் தட்டில் வைத்தேன். நாடகத்தால் சமுதாயத்துக்குப் பயன் என்று யாராவது மேலிடத்திலிருந்து சொன்னால் என் கண் உடனே வாசலைத் தேடும். அது ஜப்பான்காரன் காலத்தில் ஆரம்பித்த பழக்கம். இன்னும் முழுசாக விடவில்லை.

"எங்கிட்ட மூணு கேள்விதாம்மா இருக்கு. அதுவும் சொந்தச் சரக்கு இல்ல" என்றேன். சொல்லுங்கள் என்றாள். கேசரி ஆறுவதற்குள் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் நாடகக் கம்பெனியில் சேர்ந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். நன்றாகப் படிப்பான், நடிக்க வராது. என் முழுத் தகுதி அவ்வளவுதான். ஒரே ஒருமுறை என்னைச் சேவகனாக மேடையேற்றினார்கள். 'மன்னா, ஓலை வந்திருக்கிறது' என்று ஒரு வரி. மன்னரைப் பார்த்ததும் ஓலையைக் கீழே போட்டுவிட்டு, வந்த வழியே ஓடிவிட்டேன். ஜனங்கள் அதை நகைச்சுவைக் காட்சி என்று நினைத்து ரசித்தார்கள். மறுநாளிலிருந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்குக் கிசுகிசுவென்று எடுத்துக்கொடுப்பது என் வேலை. மறந்தவர் இடது காதைத் தொடுவார். நான் அடுத்த வரியைக் கொடுப்பேன். எங்கள் கம்பெனியில் காதைத் தொடாத ஒரே ஆள் முதலாளியம்மாதான்.

அவர் பெயர் செண்பகவல்லி அம்மாள். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஆள் குள்ளம். ராஜா வேஷம் கட்டினால் எப்படியோ உயர்ந்துவிடுவார்.

நாங்கள் கப்பலேறி வந்து மலாயாவில் ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தபோது ஜப்பான் சண்டை வந்தது. கப்பல் நின்றது. பாதிப் பேர் சிதறிப்போனார்கள். மிஞ்சிய நாங்கள் சிலர் கோலா கிளாவாங் போகிற மலைப்பாதையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒதுங்கினோம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். ரப்பரை வாங்க ஆளில்லாமல் ஷீட் அடுக்கும் ஸ்டோர் காலியாகக் கிடந்தது. தோட்டத்துக் கணக்கு பார்த்த பெரிய கிராணி அதை எங்களுக்கு விட்டார். காலையில் மரவள்ளி நட்டோம். பிற்பகலில் நாடகம் ஆடினோம். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், சூரியன்தான் எங்கள் மேடை விளக்கு.

டிக்கெட் ஆளுக்கு ஒரு மரவள்ளிக்கிழங்கு. ஜப்பான் நோட்டு செல்லாது. வாழைமரம் அச்சடித்த அந்தக் காகிதத்தை முதலாளியம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நெசமான வாழைமரம் தேவலடா, இலையாவது மிஞ்சும்" என்றார். கிழங்கு இல்லாதவர் பெஞ்சுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்காரலாம். அதுவும் டிக்கெட்தான். சும்மா மட்டும் ஒருவரையும் விடமாட்டார்.

"சும்மா வந்தவன் மரியாதைக்குக் கை தட்டுவான். கெழங்கு குடுத்தவன் நாடகத்துக்குத் தட்டுவான். எனக்கு ரெண்டாவது ஆளுதான் வேணும்."

அதே மாதிரி, டிக்கெட்டோடு வந்த எவரையும் திருப்பி அனுப்பியதும் கிடையாது. கள்ளுக் குடித்துவிட்டு வந்தாலும் சரி, போன வாரம் எங்களை ஏசிவிட்டுப் போனவனானாலும் சரி. "அவன் கெழங்கு, அவன் இஷ்டம்" என்பார்.

புது நாடகம் எடுத்தால் முதலில் வாசிப்பு நடக்கும். கஞ்சி குடித்து முடித்ததும் எல்லாரும் ஸ்டோர் தரையில் வட்டமாக உட்காருவோம். நான் படிப்பேன். ராகம் போடக் கூடாது. குரலை மாற்றக் கூடாது. அழுகை வசனத்தைக்கூட அழாமல் படிக்க வேண்டும். "செக்ரோல்ல ஆள்கணக்குக்குப் பேர் கூப்பிடுற மாதிரி படி" என்பார். ஒவ்வொரு பாத்திரமும் முதன்முதலாக உள்ளே நுழைகிற இடத்தில் கை உயரும். நான் நிறுத்திவிட வேண்டும். அப்போது அந்த மூன்று கேள்விகளும் வரும்.

"இவங்கிட்ட விக்கிறதுக்கு என்ன இருக்கு? வாங்குறவன் யாரு? வேணாம்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போக முடியுமா?"

இதென்ன, நாடகமா சந்தையா என்று முதலில் எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு வள்ளல் ராஜா புலவருக்கு ஊரையே தானம் கொடுக்கிற காட்சி வந்தது. அதைப் படிக்கும்போதே எங்களுக்கு மெய்சிலிர்க்கும். முதலாளியம்மா கையைத் தூக்கினார்.

"ஊரு என்ன, அவன் வீட்டுச் சட்டிப்பானையா? உள்ள குடியிருக்கிறவனை எவனாச்சும் கேட்டானா?"

அடுத்த ஆட்டத்தில் ஊர்க்காரன் ஒருவன் எழுந்து, 'மகாராஜா, எங்களையும் சேர்த்தா கொடுத்தீங்க?' என்று கேட்டான். தோட்டத்து ஜனம் பெஞ்சை விட்டு எழுந்து நின்று தட்டியது. தட்டாமல் என்ன செய்யும்? துரைமார்கள் தோட்டத்தைக் கைமாற்றும்போதெல்லாம் ஆட்கள் குடியிருக்கிற லயத்தையும் லயத்தில் இருந்தவர்களையும் சேர்த்துத்தானே கைமாற்றினார்கள்.

புருஷன் செய்கிற கொடுமையையெல்லாம் பொறுத்துக்கொள்கிற மனைவி ஒருத்தி இன்னொரு நாடகத்தில் வந்தாள். "இவ வேணாம்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். போக்கிடம் கிடையாதம்மா என்றேன்.

"அப்ப அது பொறுமை இல்லடா, பூட்டு. கதவைத் தெறந்து வெய்யி. தெறந்திருந்தும் அவ உள்ள இருந்தா, அப்பத்தான் சனம் அழுவும்."

அவளுடைய அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிற மாதிரி ஒரு காட்சி சேர்த்தோம். அவள் வண்டியைத் திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு ஸ்டோரில் அழாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். அவர்கள் ஏற்கெனவே அழுது களைத்திருந்தார்கள்.

பஞ்ச காலத்தில் அதிக விலைக்கு அரிசி விற்கிற வியாபாரியைத் தூக்கில் போடுகிற நாடகத்தில்தான் நான் மல்லுக்கு நின்றேன். "வெல சொல்றவன் திருடன் இல்ல. கதவைச் சாத்திட்டு வெல சொல்றவன்தான் திருடன். இவன் கதவைச் சாத்தினானா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பசித்தவனுக்கு ஏதம்மா திறந்த கதவு, வயிறே சாத்திவிடாதா என்றேன். முதலாளியம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நல்ல கேள்வி. அதை அவன் முகத்துக்கு நேரா எவனாச்சும் கேக்கட்டும். ரெண்டாங் காட்சியில வெய்யி."

அவரோடு சண்டை போட்டால் தோற்றாலும் லாபம்தான்.

இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று ஒரே ஒருமுறை சொன்னார். சின்னப் பெண்ணாக இருக்கும்போது அவரை ஒரு கம்பெனியில் சேர்த்தார்களாம். வேணுமா என்று சேர்த்தவர்களும் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டவர்களும் கேட்கவில்லை. அவருடைய கம்பெனியில் யாருக்கும் கட்டு கிடையாது. எவரும் எப்போதும் கிளம்பலாம். குண்டுச் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் கிளம்பியிருக்கிறேன். ஒருநாள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பாதைக்கே வந்துவிட்டேன். பின்னாலிருந்து, "கோபாலு, போற எடத்துல உப்பு கெடைச்சா குடுத்தனுப்பு" என்றார். அவ்வளவுதான். தடுத்திருந்தால் போயிருப்பேன்.

இப்படி இருந்தபோதுதான் மொழிபெயர்ப்பாளர் தம்பிராஜா சைக்கிளில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு சிரம்பானில் குமாஸ்தா. எப்படியோ ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டு, இந்த வட்டாரத்து ஜப்பான் அதிகாரிக்கு, அவர் வார்த்தையில் 'துவானு'க்கு, வாயாக இருந்தார். கையில் ஒரு நாடகப் பிரதி.

"அம்மா, துவானின்ரை உத்தரவு. வாற ஞாயிறு இந்த நாடகத்தைப் போடவேணும். சமுதாயத்துக்குப் பயனுள்ள நாடகம். ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கக் கூடாது. முழுக்க இலவசம். ஆம்பிளையள் எல்லாரும் முன்னுக்கு இருக்கவேணும். விளங்குதோ?"

கடைசி இரண்டு வாக்கியங்களை அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அவர் போனதும் வாசிப்புக்கு உட்கார்ந்தோம். நாடகத்தில் ஏழைத் தம்பி ஒருவன். தூரதேசத்தில் வேலை இருக்கிறது என்று கேள்விப்படுகிறான். தாய் ஆசீர்வதிக்கிறாள். லாரி வருகிறது. ஏறுகிறான். அடுத்த காட்சியிலேயே கழுத்தில் தங்கச் சங்கிலியோடு திரும்பி வருகிறான். ஊரே பாட்டுப் பாடுகிறது.

முதலாளியம்மா கையைத் தூக்கினார். "இவன் என்ன சம்பளம் கேட்டான்?"

பக்கத்தைப் புரட்டினேன். "கேக்கலம்மா."

"வேலை குடுக்கிறவன் யாரு?"

"அவன் வரவே இல்ல. லாரி மட்டும்தான் வருது."

"வேணாம்னு சொன்னவன் ஒருத்தனாச்சும் இருக்கானா? பயந்தவன், சோம்பேறி, பொண்டாட்டிய விட்டுப் போக மனசில்லாதவன்?"

முழுக்கத் தேடினேன். ஒருவனும் இல்லை. அத்தனை பேரும் ஒரே வாயாகச் சரி என்றார்கள்.

அவர் காலிப் பெஞ்சுகளின் பக்கம் திரும்பினார்.

"டிக்கெட் கெடையாது. அப்ப பாக்க வர்றவன் வாங்குறவன் இல்ல. நம்மள ஆடச் சொல்றவன்தான் வாங்குறவன். நான் அவனுக்கு எதைடா விக்கிறேன்? பாட்டா? அவனுக்குப் பாட்டு புரியுமா?" பெஞ்சைக் காட்டினார். "இதுல வந்து உக்காருறவனைத்தான் விக்கிறேன்."

சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வருவதில்லை. போர்டிக்சன் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, படம் முடிந்ததும் கதவடைத்து லாரியில் ஏற்றினார்களாம் என்று காற்றுவாக்கில் ஒரு பேச்சு இருந்தது. எங்களில் யாரும் அதை நம்பவில்லை. அந்த நிமிஷம் எல்லாரும் ஒன்றாக நம்பினோம். எனக்கு உடனே வெளியே போக வேண்டியிருந்தது. போய்வந்தேன். மறுபடியும் போக வேண்டியிருந்தது.

மாட்டேன் என்று சொன்னால் எங்களை ஏற்றுவார்கள். ஜனங்களை எச்சரித்தால் அது யார் காதுக்கும் போகலாம். போட்டுத்தான் ஆக வேண்டும். முதலாளியம்மா மறுநாள் தம்பிராஜாவிடம் பேசிய தோரணை இருக்கிறதே, ஒரு பேராசைக்காரி நடித்தால் அப்படித்தான் நடிக்க வேண்டும்.

"ஐயா, இலவசம்னா இந்தத் தோட்டத்துச் சனம் மதிக்காது. கெழங்கு நாடகத்துக்கே கெழங்கு வாங்குறோம். நிப்பான் நாடகத்துக்கு மட்டமா வெக்கலாமா? ஆம்பளைக்கு ஒரு கோழின்னு வெப்போம். வர்ற கோழி பூரா தொரையோட குசினிக்கு. பொம்பளை, புள்ளைங்க, வயசாளிங்க சும்மா வரட்டும்."

"பொம்பிளையளுக்கு மட்டும் ஏன் சும்மா?"

"அவங்க கெளம்பினாத்தானய்யா ஆம்பள பின்னால வருவான். இது தொழில் ரகசியம்."

தம்பிராஜா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் சம்மதம் வந்துவிட்டது. எத்தனை ஆணோ அத்தனை கோழி என்று அதிகாரி மனசுக்குள் வறுக்க ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது.

லயங்களில் தமுக்கடித்து அறிவிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கூடவே தம்பிராஜா. வருஷக்கணக்காகக் கிசுகிசுத்தே பிழைத்தவன் நான். பயத்தில் அந்தக் குரல்தான் வந்தது. டம் டம் என்று தோட்டமே அதிரத் தட்டிவிட்டு, ரகசியம் சொல்கிற மாதிரி, "ஞாயித்துக்கெழம நாடகம், ஆம்பளைக்கு ஒரு கோழி" என்றேன்.

"உரத்துச் சொல்லும் தம்பி!" என்று அதட்டினார் தம்பிராஜா.

"என்னாது? கோழியா?" என்று ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "கோழியக் கண்டு எத்தன நாளாச்சு! இறகு குடுத்தா ஏத்துக்குவாங்களா?"

"மொதலாளியம்மாவுக்கு என்னா லா ஆச்சு? மண்டையில மரம் விழுந்துருச்சா?" என்றார் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழங்குக்கு ஆடுகிறவர் கோழி கேட்டால், அவர் கேட்பது கோழியாக இருக்க முடியாது. "ஞாயித்துக்கெழம மேட்டுக்கொல்லையில களை எடுக்கணும்" என்று மட்டும் மண்டோர் பொதுவாகச் சொன்னார். "ஆமாமா, நெறைய கெடக்கு" என்றார்கள் எல்லாரும். ஒரு சொல் பேசாமல் விலையே போய்ச் சேதி சொல்லிவிட்டது. எனக்கு முதலாளியம்மாவின் காலில் விழவேண்டும் போலிருந்தது.

ஒரே ஒரு ஆள் மட்டும் சேதியை வேறு மாதிரி படித்தான். பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுகிற வீராசாமி. நாடகப் பைத்தியம். முன்பெஞ்சின் நடு இடம் அவனுடையது. நல்ல ஆட்டமாக இருந்தால் கிளம்பும்போது இன்னொரு கிழங்கு வைத்துவிட்டுப் போவான்.

"கோழி வெலைக்கு நாடகமா!" என்றான், கண் மின்ன. "அப்ப எப்படிப்பட்ட நாடகமா இருக்கும்!"

தம்பிராஜா பக்கத்தில் நின்றதால் நான் தமுக்கை இன்னும் வேகமாகத் தட்டினேன். வேறென்ன செய்ய?

ஞாயிறு பிற்பகல். ரப்பர் உலர்த்தும் புகைக்கூண்டுக்குப் பின்னால் தார்ப்பாய் இறக்கிய லாரிகள் சிப்பாய்களோடு வந்து நின்றன. ஸ்டோருக்குள் பெண்களும் பிள்ளைகளும் வயசாளிகளும். வீராசாமியின் மனைவி அஞ்சலையும் அவர்களில் ஒருத்தி. முன்பெஞ்சுகள் காலி. அதிகாரி நடுவில் தனி நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், கோழிக்காக. வாசலில் ராஜா வேஷத்தோடு முதலாளியம்மா, பக்கத்தில் தம்பிராஜா, முதலாளியம்மாவுக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி நான். என் கையில் அந்த லாரி நாடகத்தின் பிரதி.

ஆண்கள் யாரும் வரவில்லை. பிழைத்தோம் என்று மூச்சு விடப்போகிற நேரத்தில் பாதையில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கக்கத்தில் கோழியோடு வீராசாமி.

முதலாளியம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கோழியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"என்ன வீராசாமி, கோழி இம்மாம் மெலிஞ்சு கெடக்கு?"

"மனுசனுக்கே ரேசன் இல்ல, கோழிக்கு எங்கம்மா போறது?"

"வயசும் ஆயிருச்சே."

"அதென்ன நாடகத்துலயா நடிக்கப் போவுது? டிக்கெட்டுதானே!"

"சீக்கிரம், சீக்கிரம்" என்றார் தம்பிராஜா. உள்ளே அதிகாரி கழுத்தை நீட்டிக் கோழியைப் பார்த்துவிட்டார்.

அவன் கோழி, அவன் இஷ்டம். டிக்கெட்டோடு வந்தவனைத் திருப்பி அனுப்பாத வாசல் அது. அந்த வாசலைத் தாண்டி அவன் நேராக நடு இடத்தில் போய் உட்காருவான். அங்கிருந்து லாரி. முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். மெதுவாக இடது கையைத் தூக்கி, காதைத் தொட்டார்.

எனக்கு உலகமே நின்றுவிட்டது. அந்தப் பெண்மணி வசனம் கேட்கிறார். என்னிடம். இந்தக் காட்சிக்கு யாரும் எழுதி வைக்காத வசனம். கையிலிருந்த பிரதியைப் பார்த்தேன், அதில் எல்லாரும் சரி சரி என்கிறார்கள். கொட்டகைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரே ஒரு சொல்தான் வாயில் வந்தது.

"ஹவுஸ்புல்" என்று கிசுகிசுத்தேன்.

சொன்ன மறு நொடியே செத்துவிடலாம் என்று தோன்றியது. முன்னால் ஆளில்லாத பெஞ்சுகள். ஹவுஸ்புல்லாம்! நான் கொடுத்த வரி எவ்வளவு மட்டமாக இருந்தாலும் அதை மகாராஜா வசனமாக்கிவிடுகிறவர் அல்லவா அவர்? நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஹவுஸ்புல்! டிக்கெட் முடிஞ்சுபோச்சு. ஒரு எடம்கூட இல்ல!"

வீராசாமி அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அம்மா... முன்னால ஒரு ஈ காக்கா இல்லியே!"

"எல்லாம் வித்தாச்சு."

"யாருக்கு வித்தீங்க? எம் பொஞ்சாதி உள்ள இருக்கா, நான் கோழியோட வெளிய நிக்கணுமா?"

"வித்தாச்சுன்னா வித்தாச்சு வீராசாமி. வித்த எடத்துல உன்னை நான் உக்கார வெக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, கண்ணை மட்டும் இடப்பக்கம் ஓட்டினார். மேடையில் ராஜா சதிகாரனைக் காட்டிக்கொடுக்கிற பார்வை அது. தலை அசையாது, புருவம் அசையாது, கருவிழி மட்டும் போய்வரும். எங்களில் பாதிப் பேருக்கே அது தெரியாது. முன்பெஞ்சின் நடுவிலிருந்து எத்தனையோ ஆட்டம் பார்த்தவனுக்குத் தெரியும். வீராசாமியின் கண்ணும் கூடவே போயிற்று. தார்ப்பாய், லாரி, சிப்பாய். திரும்பி வந்தது.

அவன் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதைப் பார்த்தேன். பிறகு அது மொத்தமும் மேலே ஏறியது.

"இந்த ஊரு ஒலகத்துல எங்கயாச்சும் உண்டா இந்த அநியாயம்!" என்று ஆரம்பித்தான். எங்கள் கம்பெனி, எங்கள் பாட்டு, எங்கள் வேஷம், என் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து வைத்துத் திட்டினான். கோழியைப் பறித்துக்கொண்டான். "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா எம்பேரு வீராசாமி இல்ல" என்று கத்திக்கொண்டே ரப்பர் மரங்களுக்குள் இறங்கி மறைந்தான். நடையில் ஓட்டம் தெரியாமல் ஓடினான். நான் மேடையில் பார்த்த எந்த வெளியேற்றமும் அதற்கு ஈடில்லை.

உள்ளேயிருந்து அதிகாரி ஏதோ உறுமினார். தம்பிராஜா ஜப்பான் பாஷையில் ஏதோ பதில் சொன்னார். நீளமாகத்தான் சொன்னார். என் உயிர் அந்தப் பாஷைக்குள் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி மூக்கைச் சுருக்கினார், கையை உதறினார். தம்பிராஜா எங்கள் பக்கம் திரும்பி, குரலை இறக்கினார்.

"கோழிக்கு வருத்தமாம். நோய் பிடிச்ச கோழி துவானுக்கு வேண்டாமாம். நாடகத்தைத் தொடங்குங்கோ."

தம்பிராஜாவைப் பற்றி முதலாளியம்மா முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார். அவரை வில்லன் என்று நான் சொன்னதற்கு, அவன் வில்லன் இல்லடா, வேணாம்னு சொல்ல வழியில்லாதவன் என்றார். அன்றைக்கு அந்த மனிதர் அந்த வழியை எங்கிருந்தோ கண்டுபிடித்துவிட்டார்.

நாடகம் நடந்தது. நான் பயத்தில் தாயின் வசனத்தை லாரி டிரைவர் வேஷக்காரனுக்கு எடுத்துக்கொடுத்தேன். அவனும் மகனே என்று தம்பியைக் கட்டிக்கொண்டான். முடிந்ததும் சிப்பாய்கள் லயங்களில் தேடினார்கள். ஆண்கள் எல்லாரும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள், கொல்லைக்கும் அப்பால் காட்டுக்குள். லாரிகளில் ஏற்ற ஒரு ஆள் கிடைக்கவில்லை. அதிகாரி முதலாளியம்மாவையும் தம்பிராஜாவையும் வரிசையாக நிறுத்தி அறைந்தார். பேராசையால் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்று கத்தினாராம். கோழிக்கு ஆசைப்பட்டதில் அவருக்கும் பங்கு இருந்ததால் மேலிடத்துக்குச் சொல்ல முடியாது. அந்த எரிச்சலில் எங்கள் உடைப்பெட்டிகளையும் ஆர்மோனியத்தையும் லாரியில் ஏற்றினார். இனி இந்தக் கம்பெனி ஆடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

பிறகு அவர்கள் வேறு வழிகளில் வந்தார்கள். அந்தத் தோட்டத்திலிருந்தும் சிலரைக் கொண்டுபோனார்கள். அதை மறைத்து எழுத எனக்குக் கை வராது. ஆனால் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்ததற்காக ஒருவரும் போகவில்லை.

மறுநாள் பிற்பகல் வெறும் ஸ்டோரில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தோம். முதலாளியம்மாவின் கன்னம் வீங்கியிருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. வீராசாமி. கக்கத்தில் அதே கோழி.

"எவ்வளவும்மா?"

"எதுக்கு?"

"நேத்து வாசல்ல பாத்ததுக்கு."

முதலாளியம்மா மண்வெட்டியைக் கீழே வைத்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் யோசித்தது விலையைப் பற்றி.

"நின்னுக்கிட்டுப் பாத்தவனுக்குப் பாதி வெலதான்."

"பாதிக் கோழிய எப்படிம்மா குடுக்கிறது?"

"அதான் எனக்கும் தெரியல."

"முழுசா வெச்சுக்குங்க. மிச்சப் பாதி அடுத்த நாடகத்துக்கு."

அடுத்த நாடகம்! உடை இல்லை, ஆர்மோனியம் இல்லை, உத்தரவு வேறு. நான் பதறிப்போய், "அம்மா, ஆடக் கூடாதுன்னு..." என்று கிசுகிசுத்தேன்.

"கம்பெனிதான் ஆடக் கூடாது. நான் குடியிருக்கிற எடத்துல நான் நிக்கிறேன், நடக்கிறேன், பேசுறேன். கதவு தெறந்திருக்கு, இவரு வந்து உக்காந்திருக்காரு." கோழியை வாங்கித் தூணில் கட்டினார். "டிக்கெட் வாங்கியாச்சு கோபாலு. பெஞ்சை எடுத்துப் போடு."

முன்பெஞ்சை எடுத்துப் போட்டேன். வீராசாமி நடுவில் உட்கார்ந்தான். முதலாளியம்மா ஒரு கோணிச்சாக்கை உதறித் தோளில் போட்டார், உயர்ந்துவிட்டார். எடுத்துக்கொடுக்கப் பிரதி இல்லை, ஒளிந்துகொள்ளத் திரை இல்லை. எங்கே இருப்பதென்று தெரியாமல் நானும் வீராசாமி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தனை வருஷமும் அவருடைய முதுகையும் ஒரு பக்கக் காதையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன், முதன்முதலாக முகத்தை நேராகப் பார்த்தேன். ராஜா பேச ஆரம்பித்தார். வீங்கிய கன்னத்தோடு, நான் எத்தனையோ முறை படித்த வரியைத்தான் பேசினார். அப்படி ஒரு வரி அதில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

வீராசாமி மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் முழங்கையால் என்னை இடித்தான்.

"தம்பி, நீ டிக்கெட் எடுத்தியா?"